மறுவீட்டன்று நான் ஏன் ஓடினேன்

பவித்ரா,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை நேற்றே போனில் முடித்தாகிவிட்டது. "சாப்பிட்டியா தாயி?" "சாப்பிட்டேம்ப்பா. நீங்க?" "ஆச்சு." "அம்மாட்ட குடுங்க." நாம் இரண்டு பேரும் போனில் பேசுவது இவ்வளவுதான். சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்போது பேச்சு இன்னும் சுருங்கிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். போலீஸ் தேர்வுக்கு நீ எழுதி வைத்த பொது அறிவு நோட்டில் பின்பக்கம் கொஞ்சம் தாள் மிச்சமிருந்தது. முன்பக்கம் நதிகளும் தலைநகரங்களும் முத்துமுத்தாக இருக்கின்றன. பின்பக்கம் உன் அப்பனுடைய அறிவு. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் தவறி, அதோடு படிப்பை நிறுத்தியவன் நான். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பிவிடாதே.

விஷயம் இதுதான். மறுவீட்டு விருந்தன்று உச்சி வெயிலில், பெண்ணைப் பெற்றவன் பட்டுக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெருவில் இறங்கி ஓடினான். ஒரு மாதம் ஆகிறது, இலுப்பூரில் இன்னும் அதே பேச்சு. கறி பத்தாமல் வாங்க ஓடினேன் என்பது உன் மாமன் அன்றைக்கே கட்டிவிட்ட கதை. சம்பந்தியோடு தகராறு என்பது பக்கத்து வீட்டுக் கதை. வயிறு சரியில்லை என்பது டீக்கடைக் கதை. மூன்றில் கடைசிக் கதைதான் ஜனங்களுக்குப் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னை நிறுத்தி, மாதுளம்பழத் தோல் கைகண்ட மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ மூன்றையும் நம்பவில்லை. நான் திரும்பி வந்தபோது கொல்லை வாசலில் கையில் அப்பளத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். என் கண் சிவந்திருந்தது. நாக்கு வறண்டு பேச்சு குழறியது. சட்டைப் பொத்தான் இரண்டு திறந்து கிடந்தன. செருப்பு இல்லை. நீ மெதுவாக மூக்கை ஒரு தடவை உறிஞ்சினாய். எனக்குத் தெரிந்த உறிஞ்சல் அது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்று அப்படித்தான் மோந்து பார்ப்பாய். ரோட்டில் வண்டியை மறித்து ஊதச் சொல்லும் கருவி கையில் இருந்திருந்தால் என்னையும் ஊதச் சொல்லியிருப்பாய். அது இல்லாததால் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாய். சாயங்காலம் வேனில் ஏறும்போது "வாரேம்ப்பா" என்றாய். என் முகத்தைப் பார்க்காமல் என் சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னாய். இந்தக் கடிதம் அந்தப் பார்வைக்குப் பதில். கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே. வினாத்தாளில் கடைசிக் கேள்வியை முதலில் பார்க்கிற ஆள் நீ. இதை வரிசையாகப் படி.

உன் அப்பன் முதன்முதலில் ஓடியது எப்போது என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு அரைகுறையாகத்தான் இருக்கிறது. நீ எட்டாவது படித்தாய். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பெற்றோருக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். நான் காலையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தேன். விசில் ஊதியதும் எல்லாரும் ஒருபக்கம் ஓட, நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். மைதானமே சிரித்தது. எல்லாரும் என்னை ரசிக்கிறார்கள் என்று நினைத்துக் கையை வேறு ஆட்டினேன். அப்புறம் சுண்ணாம்புக் கோட்டில் தடுக்கி விழுந்தேன். கோட்டில் தடுக்கி விழுந்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கு நீ நூறு மீட்டரில் முதலாவதாக வந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கியிருந்தாய். அதை என்னிடம் காட்டவில்லை. வீட்டுக்கு எனக்கு இருபது அடி முன்னால் நடந்து போனாய், நாம் இருவரும் வேறு வேறு குடும்பம் மாதிரி. அந்த இருபது அடியை எட்டிப் பிடிக்க எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீட்டுக்குச் சோறு போட்டது அதுதான். பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என்பது செப்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி இடுக்கில் இறக்குகிற வேலை. நூற்றுக்கணக்கான சுற்று. ஒன்று உரசினாலும் மோட்டார் புகைந்துவிடும். என் கை காலையில் நடுங்கும். நடுக்கத்தை நிறுத்த ஒரு மடக்கு வேண்டும். ஒரு மடக்கு போட்டால் நடுக்கம் நிற்கும், கணக்குத் தப்பும். நடுங்கினாலும் வேலை நடக்காது, நடுங்காவிட்டாலும் நடக்காது. ஒரு தடவை வீம்புக்கு நானாகவே நிறுத்தினேன். மூன்றாம் நாள் கடையிலேயே வலிப்பு வந்து விழுந்தேன். உன் அம்மாவும் மாமனும் தூக்கிக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீங்களா திடீர்னு நிறுத்துனீங்களா? உசுருக்கே ஆபத்துங்க அது. இனிமே எங்கள வச்சிக்கிட்டு நிறுத்துங்க" என்றார். யாராவது குடிக்கிறவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்க்க நேர்ந்தால், நான் ஓடின கதையைப் படித்துவிட்டு மாத்திரை மருந்து இல்லாமல் நேரே ரோட்டில் இறங்கிவிட வேண்டாம். ஆஸ்பத்திரி முதலில், ரோடு அப்புறம்.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பண்ணப்போறீங்க?" "வீட்டுல இருப்பேங்கம்மா." "இருந்து?" இருபது வருஷமாக ஆறு மணிக்கு என் கால் தானாகச் சாராயக் கடைப்பக்கம் திரும்பும். அதற்கு வேறு வழியே தெரியாது. "ஆசை அலை மாதிரிங்க. ஏறும், உச்சிக்குப் போகும், கொஞ்ச நேரத்துல தானா எறங்கும். அது எறங்குற வரைக்கும் நீங்க அந்த எடத்துல இருக்கக் கூடாது. ஒடம்பு அசையுற வேலை எதையாச்சும் பிடிச்சிக்கங்க" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை. கடலே பார்க்காத ஆளிடம் அலையைச் சொன்னால்?

அந்த நேரத்தில்தான் நீ போலீஸ் தேர்வுக்கு ஓட ஆரம்பித்தாய். விடியற்காலை ஐந்து மணிக்கு அன்னவாசல் ரோட்டில். "ஏங்க, புள்ள தனியாப் போகுது. நாயி வேற தொரத்துது. வண்டிய எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போங்க. சும்மாத்தான கெடக்குறீங்க" என்றாள் உன் அம்மா. அவள் சொன்ன கடைசி வாக்கியம் முழு உண்மை. பழைய மொபெட்டின் முன்விளக்கை உன் முதுகில் அடித்துக்கொண்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தேன். நாயிடமிருந்து உன்னைக் காப்பாற்ற வந்த என்னைப் பார்த்துத்தான் நாய்கள் அதிகம் குரைத்தன. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ நடுவழியில் பெட்ரோல் தீர்ந்துபோயிற்று. நீ வண்டியைப் புளியமரத்தடியில் போடச் சொன்னாய்.

"அப்பா, அந்தக் கரண்டுக் கம்பம் வரைக்கும் ஓடி வாங்க."

"எந்தக் கம்பம்?"

"மொதக் கம்பம்."

"அது தூரம் தாயி."

"மோட்டார்க்காரருக்குக் கரண்டுக் கம்பம் தூரமாப்பா?"

ஓடினேன். லுங்கியும் ரப்பர் செருப்பும். முதல் கம்பத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவில் செருப்பு வார் அறுந்தது, என் மூச்சும் கூடவே அறுந்தது. ரோட்டோரம் ஒரு மயில் நின்றது. உன்னைப் பார்த்து விலகி ஓடிய மயில், என்னைப் பார்த்து அசையவே இல்லை. இந்த ஆளால் நமக்கு ஆபத்து வராது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றது. நீ இடுப்பில் கை வைத்துச் சிரித்தாய். எட்டாம் வகுப்பு மைதானத்தில் கேட்ட சிரிப்பு இல்லை இது. என்னைப் பார்த்து நீ சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது! இன்னொரு தடவை அந்தச் சிரிப்பைக் கேட்கலாமென்றுதான் மறுநாளும் கிளம்பினேன். உடம்பு தேறணும், குடியை வெல்லணும் என்றெல்லாம் நான் நினைத்ததாக யாராவது சொன்னால் நம்பாதே. செருப்பு வாரைக் காயில் கம்பியால் முறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன்.

அப்புறம் நடந்ததை நானே தாமதமாகத்தான் கவனித்தேன். காலை ஐந்து மணிக்கு ஓடுகிறவனுக்கு ராத்திரி எட்டரைக்கெல்லாம் கண் சொருகுகிறது. மாத்திரை போட்டும் வராத தூக்கம், கூப்பிடாமல் வந்தது. பசி வந்தது. உன் அம்மா இட்லி கணக்கைப் பார்த்து, "குடிக்கிற காலத்துல செலவு கொறைச்சலா இருந்துச்சு" என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் பழையபடி திரும்பும்போது, நானும் அதோடு கிளம்பி, எதிர்த்திசையில் அதைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவேன். ஆறு சுற்று முடிவதற்குள் டாக்டரம்மா சொன்ன அலை இறங்கிவிடும். ஒரு நாள் காலையில் கடையில் உட்கார்ந்து ஒரு மோட்டாருக்கு முழுக் காயிலையும் கட்டி முடித்துவிட்டு, டீயை எடுக்கும்போதுதான் பார்த்தேன்: டம்ளர் ஆடவில்லை. டீயைக் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ஆடை படிந்துவிட்டது.

கொஞ்சம் சரியானதும் உன் அப்பனுக்குத் தலைகால் புரியவில்லை, அதையும் சொல்கிறேன். புதுசாகக் காயில் கட்டின மோட்டாரை வாங்கிப்போகிற ஒவ்வொரு விவசாயியிடமும், "அண்ணே, வார்னிஷ் நல்லாக் காயட்டும். மொத நாளே முழு லோடுல போட்டுறாதீங்க, எரிஞ்சிரும்" என்று ஆயிரம் தடவை சொன்ன வாய் இது. நானே காயில் கட்டி நாலு மாதம்கூட ஆகாத மோட்டார்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. காலையில் ஓடினேன், மாலையில் ஓடினேன், சாமான் வாங்கக்கூட ஓடினேன். முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிற்று. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "ஒரு போதையை விட்டுட்டு இன்னொண்ணைப் பிடிச்சிக்கிட்டீங்களா?" என்றார். மூன்று வாரம் ஓடக் கூடாது என்று உத்தரவு. அந்த மூன்று வாரமும் ஆறு மணிக்கு உன் அம்மா என் கையில் இரண்டு குடத்தைக் கொடுத்து, தொட்டியை நிரப்பச் சொன்னாள். தொட்டி நிரம்பியதும் செடிக்கு. செடிக்கு முடிந்ததும் பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு. அந்த மூன்று வாரமும் நம் தெருவில் யாரும் தண்ணீர் தூக்கவில்லை.

இப்போது சிரிப்பு இல்லாத இடத்துக்கு வருகிறேன். கீரனூர்ப் பக்கம் நம் குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இலையில் கறி விழுந்தது, யாரோ ஒரு டம்ளரையும் பக்கத்தில் வைத்தார்கள். ஏழு மாதம் இருந்துவிட்டோமே, இனி நாம் சொன்னால் இது கேட்கும் என்று நினைத்தேன். ஒன்று குடித்தேன். அப்புறம் எத்தனை என்று தெரியாது. மறுநாள் ஐந்து மணிக்குக் கண் விழித்தால், வாசலில் நீ ஷூ போட்டு நிற்கிறாய். திட்டுவாய் என்று பார்த்தேன். அழுவாய் என்று பார்த்தேன். என் ஷூவைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு, "கெளம்புங்கப்பா" என்றாய். அவ்வளவுதான். தள்ளாடிக்கொண்டே வந்தேன். முதல் கம்பத்தடியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். நீ தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்து, பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டு, "இன்னைக்கு ஒரு கம்பம் போதும்ப்பா. திரும்பிருவோம்" என்றாய்.

தாயி, அன்றைக்கு நீ என்னைத் திட்டியிருந்தால், திட்டியதையே சாக்காக வைத்துச் சாயங்காலம் போயிருப்பேன். நீ அழுதிருந்தால், அதைத் தாங்க முடியவில்லை என்று போயிருப்பேன். ஒரு கம்பம் போதும் என்றாய். ஏழு மாதம் வீணாகவில்லை, இன்றைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்பது மாதிரி அது இருந்தது. போவதற்கு எனக்கு ஒரு சாக்கும் மிச்சம் வைக்கவில்லை நீ. அன்று மதியமே உன் அம்மாவோடு டாக்டரம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு மறுநாள் இரண்டு கம்பம்.

அப்புறம் உன் உடல்தகுதித் தேர்வு. உள்ளே நீ நானூறு மீட்டர் ஓடினாய். வெளியே மதில் ஓரமாக நானும் ஓடினேன், சத்தத்தை வைத்து நீ எங்கே வந்திருப்பாய் என்று ஊகித்துக்கொண்டே. காவலுக்கு நின்ற போலீஸ்காரர் மறித்தார். "யாருங்க நீங்க?" "உள்ள எம்மக ஓடுது சார்." "அதுக்கு நீங்க ஏன்யா வெளிய ஓடுறீங்க?" நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "செரி, அந்தக் கேட்டு வரைக்கும் ஓடிட்டு வந்திருங்க" என்றார். நீ தேர்வானாய் என்று தெரிந்த மறுநாள் காலையில், ரோட்டோர மயில் என்னைப் பார்த்து முதல்முறையாகப் பறந்து ஓடியது. அந்த வாரத்தில் நம் வீட்டில் இரண்டு பேர் தேர்வானோம் என்றே வைத்துக்கொள்.

இனி மறுவீடு. உன் பெரிய மாமனாரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, அப்பா இல்லாத குறை தெரியாமல் அவரை வளர்த்தவர். திருவரங்குளத்தில் சிரித்தால் புதுக்கோட்டையில் கேட்கும். சாப்பாட்டுக்கு முன்னால் உன் மாமன் என் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் மோட்டார் கொட்டகைக்குக் கூட்டிப் போனான். அங்கே மேசை போட்டு, ஆறு டம்ளர் வைத்து, உன் பெரிய மாமனாரும் அவர் பக்கத்து ஆட்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுவீட்டில் ஆம்பிளைகளுக்கு அப்படி ஒரு கவனிப்பு உண்டு என்பது எனக்குத் தெரியாதா? உன் மாமன் பார்த்துக்கொள்வான், நான் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் உன் பெரிய மாமனார் டம்ளரை என் கையில் வைத்தார்.

"சம்பந்தி, பொண்ணப் பெத்தவுக தொட்டுக் குடுத்தாத்தான் நாங்க தொடுவோம். எங்க பக்கத்து மொறை அது. நீங்க தொடலைன்னா எங்களுக்கும் வேணாம்."

உன் மாமன் காதோரம் வந்தான். "மச்சான், ஒதட்டுல வச்சிட்டு எறக்கிருங்க. புள்ள வாழப்போற வீடு."

முன்பெல்லாம் குடிப்பதற்குக் காரணம் தேடி அலைவேன். மழை பெய்தால் மழை, பெய்யாவிட்டால் வெயில். அன்றைக்குக் காரணம் வேட்டி கட்டிக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு, வீட்டுக்கே வந்து நின்றது. மகளுக்காக ஒரு வாய். இதைவிட மரியாதையான காரணம் ஒரு குடிகாரனுக்குக் கிடைக்குமா? வாசனை மூக்கில் ஏறிற்று. வாயில் எச்சில் ஊறிற்று, பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாகத் தொடாத கை, டம்ளரைத் தூக்கியதும் தானாக நடுங்க ஆரம்பித்தது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அலை ஏறுகிறது, இறங்குகிற வரைக்கும் இந்த இடத்தில் நான் இருக்கக் கூடாது. டம்ளரை மேசையில் வைத்தேன். "ஒரு நிமிஷம் சம்பந்தி" என்றேன். ஓடிவிட்டேன்.

புதுச் செருப்பு வழுக்கியது, வாசலிலேயே உதறினேன். தார் ரோடு தோசைக்கல்லாகக் கொதித்தது. ஒன்று, இரண்டு என்று கம்பத்தை எண்ணிக்கொண்டே ஓடினேன். நாலாவது கம்பத்தில் பின்னால் ஹாரன் சத்தம். சம்பந்தி வீட்டு வேன் டிரைவர், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"ஐயா, யாருக்கு என்னாச்சு? ஏறுங்க, போவோம்!"

"ஒண்ணுமில்ல தம்பி. ஓடிக்கிட்டிருக்கேன்."

"அதான், எங்க?"

"எங்கயும் இல்ல. எறங்குற வரைக்கும்."

"ஏறவே இல்லையேய்யா நீங்க!"

ஏழாவது கம்பத்தில் அலை இறங்கிற்று. கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான். அந்தச் சிவந்த கண்ணைத்தான் நீ பார்த்தாய். வெயிலில் வறண்ட நாக்கின் குழறலைத்தான் கேட்டாய். நீ மோந்து பார்த்தது வெறும் வியர்வை, பவித்ரா. உன் அப்பன் குடிக்கவில்லை.

நீ உள்ளே போனதும் நான் நேரே கொட்டகைக்குப் போனேன். ஆறு டம்ளரும் வைத்தது வைத்தபடி இருந்தன. முறை தவறக் கூடாதென்று அந்த மனிதர்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்! கையைக் கூப்பிக்கொண்டு சொன்னேன்: "சம்பந்தி, நான் குடிகாரன். இப்பக் குடிக்காம இருக்குற குடிகாரன். தொட்டா விட மாட்டேன். அதான் ஓடிட்டேன். மொறை தப்பிப்போச்சு. அதுக்காக எம்மகளை ஒண்ணும் நெனைச்சிராதீங்க." உன் பெரிய மாமனார் சிரிக்கவில்லை. என் வெறுங்காலைப் பார்த்தார், கொப்புளம் கிளம்பியிருந்தது. "எம்புட்டுத் தூரம் ஓடுனீங்க?" என்றார். "ஏழு கம்பம்." வயிற்றைத் தடவிக்கொண்டார். "எனக்கு ஒரு கம்பமாச்சும் வருமா?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் மேசைக்குக் கீழே, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி, வலது கையை விரித்துக் காட்டினார். அது நடுங்கிக்கொண்டிருந்தது. என் பழைய கை அது. பார்த்ததும் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு அவர் குடித்தார், அதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குப் போன். "சம்பந்தி, ஓடுறீங்களா? மூச்சு வாங்குதே." "ஓடிக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க." "நானும் கெளம்பவா?" ஒரே போடாக, "வேணாம்" என்றேன். "குடிய நிறுத்தணும்னா மொதல்ல ஆஸ்பத்திரி." தன் அறுவடை வண்டிக்குச் சாமான் வாங்கப் போவதாக அவர் வீட்டில் சொல்லிவிட்டு வர, புதுக்கோட்டைக்கு அவர் அங்கிட்டிருந்தும் நான் இங்கிட்டிருந்தும் போய்ச் சேர்ந்தோம். அதே டாக்டரம்மா. என்னிடம் கேட்ட அதே ஆறு மணிக் கேள்வி. இப்போது மாத்திரை நடக்கிறது. வருகிற திங்கட்கிழமையிலிருந்து மெல்ல நடக்கலாம், கொஞ்சம் கொஞ்சமாக ஓடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். "பெரிய மாமா போன் வந்தா கொல்லைக்குப் போயிருறாங்கம்மா, வீட்டுல எல்லாரும் ஒரு மாதிரியாப் பேசுறாங்க" என்று நீ உன் அம்மாவிடம் சொன்னாயாமே. அந்தக் கள்ளக் காதலி நான்தான்.

இதை உனக்கு எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுதுங்க சம்பந்தி. மருமக போலீஸு, எப்படியும் கண்டுபிடிச்சிரும். நாலு பேருக்குத் தெரிஞ்சாலும் நல்லதுதான், வெக்கத்துக்காச்சும் ஓடுவேன்ல" என்றார்.

என்னைப் பற்றி உனக்கு இனி எப்போதுமே பயம் வேண்டாம் என்று எழுத ஆசைதான். அப்படிச் சத்தியம் பண்ணிப் பண்ணி அந்த வார்த்தையையே நான் தேய்த்துவிட்டேன். அதனால் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்: நாளைக் காலை ஐந்து மணிக்கு என் ஷூ வாசலில் இருக்கும், அதற்குள் என் கால் இருக்கும். அடுத்த தடவை வரும்போது அந்த ஊதுகிற கருவியைக் கொண்டு வா. ஸ்டேஷனில் கேட்டால், சொந்த அப்பனைச் சோதிக்க என்று சொல். ஆசை தீர ஊதிக் காட்டுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை விடியற்காலையில் உன் பெரிய மாமனார் புது வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, வீட்டில் யாரும் விழித்துவிடக் கூடாதென்று பூனை மாதிரி வாசலுக்கு வருவார். கயிற்றை ஒழுங்காகக் கட்டியிருக்க மாட்டார். சிரித்துவிடாதே. நீயும் ஷூ போட்டுக்கொண்டு முன்னாலேயே நில். "கெளம்புங்க மாமா" என்று மட்டும் சொல். எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லாதே, பயந்துவிடுவார். மெல்ல ஓடு. அவர் பின்தங்கினால் இருபது அடி முன்னால் போய்விடாதே, பக்கத்திலேயே வா. மூச்சு வாங்கி எங்கேயாவது நின்றுவிட்டால் என்ன சொல்ல வேண்டுமென்று உனக்கு நான் எழுதித் தர வேண்டியதில்லை. எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்.

இன்றைக்கு ஒரு கம்பம் போதும்.

உன் அப்பா